இன்ஜின் கத்துகிறது, சைக்கிள் நகரவில்லை

கேள்வி: அண்ணா, எனக்கு வீடு ஸ்ரீராமபுரம். பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். போக வர சைக்கிள்தான். இரண்டு மாதம் முன்பு எஸ்ஜேபி ரோட்டில், புல் வெட்டும் பிரஷ் கட்டர் மெஷினின் 43 சிசி இன்ஜின் ஒன்று வாங்கி, பின்சக்கரத்தின் மேல் ரோலர் உரசி ஓட்டுகிற மாதிரி கிட் செய்து 26 இஞ்ச் சைக்கிளில் மாட்டினேன். ரோலர் 38 மி.மீ., நானே கடைந்து, பிடிப்புக்காக நர்லிங் (சொரசொரப்பான வரிகள்) போட்டது. சமதளத்தில் நன்றாகப் போகிறது. மேட்டிலும், சிக்னலில் நின்று கிளம்பும்போதும் இன்ஜின் கத்துகிறது, சைக்கிள் நகர மாட்டேன் என்கிறது, கருகிய நாற்றம் வருகிறது. ரோலர் வழுக்குகிறது என்று ஸ்பிரிங்கை டைட் செய்தேன். மூன்று வாரத்தில் டயர் தேய்ந்துவிட்டது, ட்யூப் வால்வும் அடியில் அறுந்துபோனது. மழையில் சுத்தமாகப் பிடிப்பதில்லை. போல்ட்டுகளும் அடிக்கடி லூசாகின்றன. டயரை மாற்றவா, ரோலரை மாற்றவா? போலீஸ் நிறுத்தினால் பிரச்சினை வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: தம்பி, முதலில் அந்த ஸ்பிரிங்கைப் பழைய நிலைக்குத் தளர்த்துங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மேட்டில் வழுக்குவது ரோலர் இல்லை, கிளட்ச். ரோலரை எவ்வளவு அழுத்தினாலும் கிளட்ச் வழுக்குவது நிற்காது, டயர்தான் தேயும். உங்களுக்கு நடந்திருப்பதும் அதுதான். போலீஸ் பற்றிக் கேட்டதற்குக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்து முடிக்கும் வரை சைக்கிளை ரோட்டில் எடுக்க வேண்டாம். சோதனையெல்லாம் பட்டறைக் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

எது வழுக்குகிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு சாக்பீஸ் போதும். ரோலரின் வெளி முனையில் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போடுங்கள். காம்பவுண்டுக்குள் ஏதாவது சரிவு இருந்தால் அதில் ஏற்றுங்கள், ஒருவர் பக்கத்தில் நடந்துவந்து ரோலரைப் பார்க்கட்டும். இன்ஜின் கத்தும்போது டயர் மெதுவாகவும் ரோலர் மட்டும் வேகமாகவும் சுற்றினால் வழுக்குவது ரோலர். டயரோடு சேர்ந்து ரோலரும் நிதானமாகச் சுற்றினால் ரோலர் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. நாற்றத்திலும் வித்தியாசம் தெரியும். ரோலர் வழுக்கினால் ரப்பர் கருகும் வாசனை வரும், டயரின் நடுப்பகுதி மெருகேறிப் பளபளக்கும். கிளட்ச் என்றால் பிரேக் லைனிங் கருகுகிற மாதிரி காரமாக இருக்கும். கவரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கிளட்ச் டிரம் (கிண்ணம் மாதிரி இருக்கும்) நீலம் பாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சூடேறிய டிரில் பிட்டில் நீங்கள் தினமும் பார்க்கிற அதே நீலம்தான்.

ஏன் வழுக்குகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் கிட்டின் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. பிரஷ் கட்டர் கிளட்ச்சில் இரண்டு ஷூ (டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் கட்டைகள்), ஒரு ஸ்பிரிங். இன்ஜின் வேகம் ஏறும்போது ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 3500 முதல் 4000 சுற்றுக்குள் பிடிக்க ஆரம்பிக்கும். புல் வெட்டும்போது முனையில் இருப்பது ஒரு சின்ன பிளேடு. அது உடனே வேகம் எடுத்துவிடும், ஆகவே ஷூ வழுக்குவது ஒரு நொடிகூட இருக்காது. சைக்கிளில் ஆளும் வண்டியுமாக எண்பது, தொண்ணூறு கிலோவை அது இழுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். சக்கரம் 26 இஞ்சா 28 இஞ்சா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ரோலரின் விளிம்பு ஓடுகிற வேகம்தான் டயர் விளிம்பின் வேகம், அதுதான் சைக்கிளின் வேகம். உங்கள் 38 மி.மீ. ரோலரின் சுற்றளவு 119 மி.மீ. சொச்சம். 4000 சுற்றில் அது நிமிடத்துக்கு 477 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிள் அந்த வேகத்தை எட்டும் வரைக்கும் கிளட்ச் முழுசாகப் பிடிக்க வழியே இல்லை. யஷ்வந்தபுரத்திலிருந்து கொரகுண்டேபாளையா வரைக்கும் காலை நேரத்தில் 28 கிலோமீட்டர் வேகத்துக்கு எங்கே இடம் கிடைக்கும்? 15 கி.மீ. வேகத்தில் நீங்கள் மேடு ஏறும்போது ரோலர் சுற்றுவது சுமார் 2100. இன்ஜின் 4000-ல் கத்துகிறது. இடையில் இருக்கும் வித்தியாசம் முழுக்கக் கிளட்ச்சில் சூடாகப் போகிறது. இன்ஜின் தருகிற சக்தியில் கிட்டத்தட்ட பாதி லைனிங்கை எரிக்கத்தான் செலவாகிறது.

25 மி.மீ. ரோலராக இருந்தால்? 4000 சுற்றில் வேகம் மணிக்கு 19 கி.மீ.க்கும் கீழே. அதே 15 கி.மீ. மேட்டில் ரோலர் 3200 வரை சுற்றும், வீணாவது ஐந்தில் ஒரு பங்குதான். டயரைத் தள்ளும் விசையும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். 6500 சுற்றில் சைக்கிள் 30 கி.மீ. தொடும். சைக்கிள் பிரேக்குக்கு அதற்கு மேல் வேகம் வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். 15-ல் நிறுத்துவதற்கும் 45-ல் நிறுத்துவதற்கும் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி மூன்று மடங்கு இல்லை, ஒன்பது மடங்கு. 38 மி.மீ. ரோலரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 45-ஐத் தாண்டும். ரிம்மை இரண்டு ரப்பர் கட்டை பிடிக்கிற வண்டியில் அந்த வேகத்தில் போகாதீர்கள்.

ஆகவே ரோலரை மாற்றுங்கள், 25-க்கு. சின்ன ரோலரில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டயரைத் தொடும் பரப்பு குறைவு, பள்ளமும் கூர்மையாக விழும், அதனால் டயர் சற்று வேகமாகத் தேயும். 25-க்குக் கீழே போனால் இந்தத் தேய்மானம் தாங்காது. நர்லிங்கை ஆழமாகப் போடாதீர்கள். டைமண்ட் நர்லிங் நடுத்தரமாகப் போட்டு, முனைகளை எமரி தாளால் லேசாக மழுக்கிவிடுங்கள். கைவிரலில் தேய்த்தால் சொரசொரப்பு தெரிய வேண்டும், தோலைக் கிழிக்கக் கூடாது. கூரான நர்லிங் அரம் மாதிரி வேலை செய்து டயரைத் தின்றுவிடும்.

ரோலரைத் தாங்குவது எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. கிளட்ச் டிரம் பக்கம் மட்டும் பிடித்து, மறுமுனையைச் சும்மா விட்டிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஸ்பிரிங் அழுத்தம் முழுக்க ஒரு பக்கம் விழுந்து ஷாஃப்ட் வளையும், ஹவுசிங் பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும். மறுமுனைக்கு 6202 நம்பர் மாதிரி ரப்பர் சீல் வைத்த பேரிங் ஒன்று வேண்டும், சக்கரம் தெறிக்கும் சேறு உள்ளே போகாமல் இருக்க. ரோலர் அச்சும் சக்கர அச்சும் இணையாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கோணலாக இருந்தால் டயர் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, தேய்மானம் ஓரத்தில் ஏறும். உங்கள் தேய்ந்த டயரைத் தூக்கிப் போட்டுவிடவில்லை என்றால் அதையே எடுத்துப் பாருங்கள். நடுவில் தேய்ந்திருந்தால் அழுத்தம் அதிகம், ஒரு ஓரத்தில் தேய்ந்திருந்தால் கோணல்.

ரோலரை மரை போட்டு மாட்டுவதாக இருந்தால் சாதாரண வலது மரை போதும், ஓட்டத்தில் தானாக இறுகும். இன்ஜின் சைக்கிளின் இடப்பக்கம் தொங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையென்றால் சைக்கிள் முன்னால் போயிருக்காது. புதிதாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்: இந்த இன்ஜின்கள் ஷாஃப்ட் முனையிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். வலப்பக்கம் மாட்டினால் ரோலர் சக்கரத்தைப் பின்னால்தான் தள்ளும். வலப்பக்கத்தில் செயினும் இடைஞ்சல்.

அழுத்தம் எவ்வளவு வைப்பது? டயரில் முழுக் காற்று அடித்துவிட்டு, ரோலர் 3 முதல் 5 மி.மீ. வரை அமுங்கினால் போதும். முழுக் காற்று என்பது டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண். விரலால் அமுக்கிப் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள், கேஜ் வைத்துப் பாருங்கள். உங்கள் வால்வு அறுந்ததற்குக் காரணம் காற்றுக் குறைவும் அதிக அழுத்தமும் சேர்ந்ததுதான். காற்றுக் குறைந்த டயரை ரோலர் இழுக்கும்போது ரிம்மின் மேல் டயர் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ட்யூபும் கூடவே நகரும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும், கடைசியில் அடியில் கிழியும். தினமும் கிளம்பும் முன் வால்வு நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரைத் திருப்பி நேராக்கிவிட்டு மறுபடி அடியுங்கள்.

26 இஞ்ச் சைக்கிள் என்றால் அநேகமாகக் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயராக இருக்கும். அது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு பட்டனிலும் ரோலர் குதிக்கும். அந்த அதிர்வுதான் உங்கள் போல்ட்டுகளை லூசாக்குகிறது. நடுவில் தொடர்ச்சியாக வரி ஓடுகிற, வழுவழுப்பான ரோட் டயராக வாங்குங்கள். டயர் போடுவதற்கு முன் சைக்கிள் கடையில் கொடுத்து வீல் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டு ஆட்டத்தைவிட மேலும் கீழும் ஏறி இறங்கும் கோட்டம்தான் இங்கே முக்கியம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். பிரேக் ரிம்மில் உரசாத அளவுக்குப் பக்கவாட்டை மட்டும் சரிசெய்து கொடுத்துவிடுவது வழக்கம். சக்கரம் மேல்கீழாக 2 மி.மீ. ஏறி இறங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் ரோலர் ஒரு முறை அதிகமாக அழுந்தும், ஒரு முறை தளரும். தளரும் இடத்தில் வழுக்கும், அழுந்தும் இடத்தில் தேயும்.

போல்ட்டுகளுக்கு நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள். இன்ஜின் சைலன்சர் பக்கத்தில் சூட்டுக்கு நைலான் இளகும், அங்கே மட்டும் இரும்பு லாக் நட்டு. முழுப் பாரமும் சீட்டுக்குக் கீழே ஒரு கிளாம்ப்பில் தொங்கினால் எந்த நட்டும் நிற்காது. இரண்டு பக்கமும் பின் ஆக்சில் வரைக்கும் தடித்த பட்டை இறக்கி, ஆக்சில் நட்டிலேயே பிடியுங்கள்.

மழையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நனைந்த டயரில் ரோலர் பிடிக்காது. இது உங்கள் வேலையில் குறை இல்லை, உரசி ஓட்டும் எல்லாக் கிட்டுக்கும் உள்ள இயல்பு. அழுத்தத்தைக் கூட்டி மழையை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ரோலரைத் தூக்கி நிறுத்த ஒரு லீவர் வையுங்கள், மழை வந்தால் தூக்கிவிட்டு மிதியுங்கள். பிரான்சில் 1946 முதல் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் வண்டியில் முன்சக்கரத்தின் மேல் இதே மாதிரி ரோலர்தான். அதிலும் இன்ஜினைச் சக்கரத்திலிருந்து தூக்கிவிட லீவர் இருந்தது. பெங்களூரில் மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் சாயங்கால மழையை எதிர்பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். ஆகவே லீவர் கட்டாயம். லீவர் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு: நின்ற இடத்திலிருந்து மிதித்துக் கிளம்பி, 15 கி.மீ. வேகம் வந்த பிறகு ரோலரை இறக்கி ஆக்சிலேட்டர் கொடுக்கலாம். கிளட்ச்சுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. சிக்னலில் நின்ற இடத்திலிருந்து ஆக்சிலேட்டரை மட்டும் நம்பிக் கிளம்பவே கூடாது.

கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகினீர்களா என்று தெரியவில்லை. திருகியிருந்தால் கடையில் வந்த நிலைக்குக் கொண்டுபோய் விடுங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மெலிது, இன்ஜின் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும், காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் சற்று கூடும். இன்னொரு பக்கம் பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது கலவையை மெலிதாக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிவிடுவதால் முதலில் ஸ்குருவில் கை வைக்க வேண்டியதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம்மையும் பெட்ரோல் ட்யூபையும் கெடுக்கும். பத்து நாள் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலுக்கு, கேனில் போட்டிருக்கும் அளவைவிட இன்ஜினோடு வந்த புத்தகத்தில் இருக்கும் அளவைப் பாருங்கள். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி.

சரி, போலீஸ் விஷயம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, மோட்டார் வாகனம் என்றால் எது என்று சொல்கிறது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக உள்ள வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத இன்ஜின் இருந்தால் அது மோட்டார் வாகனம் இல்லை. 25-ஐத் தாண்டினால் மோட்டார் வாகனம்தான். உங்கள் 43 சிசி, பெடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் ஒரு மொபெட். அதற்குப் பதிவெண் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும், ஹெல்மெட் வேண்டும். பதிவு செய்து தாருங்கள் என்று ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போனாலும் நடக்காது. அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பு அந்த மாடலைச் சோதித்துச் சான்று தந்திருந்தால்தான் பதிவு. வீட்டில் மாட்டிய கிட்டுக்கு அந்தச் சான்று கிடையாது. பதிவில்லாத வண்டியைப் பிடித்துவைக்க 207-வது பிரிவு போலீஸுக்கு அதிகாரம் தருகிறது.

வண்டி போவதுகூடப் பெரிதில்லை, தம்பி. ரோட்டில் ஒருவர் மேல் இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு நஷ்டஈடு முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும். லேத் ஓட்டிச் சம்பாதிக்கிற குடும்பம் அதிலிருந்து எழுந்திருக்க வருடக்கணக்காகும். இதனால்தான் 43 சிசியை ரோட்டில் ஓட்டாதீர்கள் என்று திட்டமாகச் சொல்கிறேன். யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

25 சிசிக்குள் இன்ஜின் வாங்குவது ஒரு வழி. கடையில் 25 சிசி என்று சொன்னதும் வாங்கிவிட வேண்டாம். அந்தப் பெயரில் விற்கும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் பலவற்றில் சிலிண்டர் விட்டம் 34 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 28 மி.மீ. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 25.4 சிசி வரும். அந்தப் புள்ளி நாலு போதும், சட்டப்படி அது மோட்டார் வாகனம் ஆகிவிடும். ஹோண்டா ஜிஎக்ஸ்25 மாதிரி, தயாரிப்பாளரே 25 சிசி என்று எழுதித் தருகிற ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினாகப் பார்த்து, பில்லையும் விவரத்தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் இருக்காது. சக்தி குறைவு என்பதால் மேட்டில் நீங்களும் மிதிக்க வேண்டும். அப்போது 25 மி.மீ. ரோலர் இன்னும் அவசியமாகிவிடும்.

என்னைக் கேட்டால், தினம் டும்கூர் ரோட்டில் போய்வர எலக்ட்ரிக் சைக்கிள்தான் நல்லது. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்து, சோதனை அமைப்பின் சான்றும் இருந்தால் அதற்குப் பதிவு வேண்டியதில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். நீங்கள் கைப்பட மாட்டிய கிட் மேல் உங்களுக்கு ஆசை இருக்கும், அது எனக்குப் புரிகிறது. அந்த ஆசைக்குப் பட்டறைக் காம்பவுண்டில் ஓட்டிப் பாருங்கள், 25 மி.மீ. ரோலர் கடைந்து மாட்டிப் பாருங்கள், வித்தியாசம் முதல் சரிவிலேயே தெரியும். இல்லை, 43 சிசி வேண்டாம் என்று முடிவு செய்தால் பிரஷ் கட்டர் தண்டை மறுபடி மாட்டி விற்றுவிடலாம். வாங்குபவரிடம் கிளட்ச் சூடேறிய இன்ஜின் என்று சொல்லிவிடுங்கள், அல்லது புது ஷூ போட்டுக் கொடுங்கள்.

கிட்டைக் கழற்றும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சீட்டுக்குக் கீழே கிளாம்ப் பிடித்திருந்த இடத்தையும், பின் ஆக்சில் மாட்டும் தட்டையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை மாதிரி கோடு தெரிந்தால் அங்கே மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி, கோடு இரும்பிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். இரும்பில் ஓடினால் வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் ஃப்ரேமையே மாற்றிவிடுங்கள்.